பானெட்டுக்கும் பைப்புக்கும் நடுவே: எந்த ஏர் இன்டேக் உங்கள் காருக்குள் உட்காரும்?

என் காரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பாக ஓரிடம் தெரியும். பெயிண்ட் தேய்ந்து தகரம் வெளியே வந்த இடம். ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் வழி, அதற்கென்று ஆசைப்பட்டு மாட்டிய மூன்று அங்குல அலுமினியப் பைப்பின் கைங்கரியம் அது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பொருந்தத்தான் செய்தது, பானெட் திறந்திருந்த வரைக்கும்.

மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, காருக்குப் பைப்பு மாட்டின மாதிரி தெரியலையே, பைப்புக்குக் காரை மாட்டின மாதிரில்ல இருக்கு" என்றார். அதன் பிறகு அதைக் கழற்றி, வெட்டி, வேறு ஃபில்டர் போட்டு, மறுபடியும் கழற்றி என்று நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எங்கே இடிக்கும் என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் எதை வாங்குவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

சென்னை மாதிரி ஊரில் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை வாரம் முழுக்க ஆபீசுக்கும், விடுமுறை நாளில் ஈ.சி.ஆரிலும் ஓட்டுகிறவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கம்பெனி ஏர் பாக்ஸை அப்படியே விட்டு உள்ளே இருக்கும் தட்டை ஃபில்டரை மட்டும் மாற்றுவது ஒன்று. பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, குட்டைப் பைப்பின் நுனியில் கூம்பு ஃபில்டரை இன்ஜின் பக்கத்திலேயே வைப்பது இன்னொன்று. ஷார்ட் ராம் என்பார்கள். நீளப் பைப்பை பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழிக்குள் இறக்கி, அங்கே ஃபில்டரை மாட்டுவது மூன்றாவது. கடைக்காரர்கள் கோல்ட் ஏர் இன்டேக் என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான். நான்காவது, அந்தந்த மாடலுக்கென்றே வார்த்துச் செய்த மூடிய பெட்டி இன்டேக்.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்தில் எட்டுப் பேருக்கு முதல் வழியே போதும். பணம் இருந்து, ஆசையும் அடங்கவில்லை என்றால் நான்காவது. கூம்பு ஃபில்டர் சத்தத்துக்காக மட்டும். பம்பருக்குள் இறங்கும் நீளப் பைப் நம் ஊருக்கு வேண்டாம்.

கம்பெனி பாக்ஸை மட்டமாக நினைக்க வேண்டாம். பானெட்டைத் திறந்து, ஏர் பாக்ஸிலிருந்து முன்னே போகும் கறுப்புப் பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ரேடியேட்டருக்கு மேலே கிரில்லுக்குப் பின்னாலோ, ஹெட்லைட் ஓரத்திலோ போய் வாய் திறந்து நிற்கும். வெளிக்காற்றைத்தான் அது எடுக்கிறது. அப்படியென்றால் கோல்ட் ஏர் இன்டேக் ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கிறது, ஷோரூமிலிருந்தே வந்தது. அதில் இருக்கிற கூடுதல் டப்பாக்களும் வளைவுகளும் சத்தத்தை அமுக்குவதற்கும், தண்ணீர் நேராக உள்ளே போகாமல் இருப்பதற்கும்.

குளிர்ந்த காற்றால் என்ன லாபம் என்பது எளிய கணக்கு. நம் ஊர் வெப்பத்தில், காற்றின் சூடு 3 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். வெளியே 35 டிகிரி, இன்ஜின் பக்கத்தில் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 9 சதவீதம். விளம்பரத்தில் இது லாபமாக வரும். ஆனால் உங்கள் கம்பெனி குழாய் ஏற்கெனவே வெளிக்காற்றை எடுக்கிறது என்றால், அதைக் கழற்றிவிட்டு ரேடியேட்டர் ஃபேனுக்குப் பின்னால் திறந்த கூம்பை வைக்கும்போது அதே 9 சதவீதம் நஷ்டமாகத்தான் வரும். காசு கொடுத்து வாங்கிய நஷ்டம்.

சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகுகிற சின்ன புளூடூத் ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது. ஃபோனில் 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' என்ற எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். என் வண்டியில் கம்பெனி பாக்ஸ் இருந்தபோது, ஓட ஆரம்பித்துச் சில நிமிடங்களில் அந்த எண் வெளிவெப்பத்தை ஒட்டி வந்து நின்றுவிடும். திறந்த கூம்பு மாட்டியபோது, சிக்னலில் நின்றால் போதும், கண்ணெதிரிலேயே ஏறும். பச்சை விழுந்து கிளம்பும்போதுதான் இழுவை வேண்டும். அப்போதுதான் அது மூச்சுவாங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதை யாரும் செய்வதில்லை. ஃபில்டரும் பாக்ஸும் காற்றை எவ்வளவு தடுக்கின்றன? கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருப்பாரே தெளிவான லெவல் டியூப், அதுவே போதும். நீளமாக வெட்டி ஒரு மீட்டர் உயரத்துக்கு 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயில் ஒரு சின்ன நிப்பிள் வழியாக இணைத்து, மறுமுனையைத் திறந்து விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பலகையைப் பிடித்துக்கொள்ள, காலியான ரோட்டில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே வித்தியாசம் தெரியும். 10 செ.மீ. வித்தியாசம் என்றால், வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் அங்கே இழப்பு. 25 செ.மீ. வந்தால் இரண்டரை சதவீதம். 83 குதிரைத்திறன் வண்டியில் இரண்டரை சதவீதம் என்பது இரண்டு குதிரை. உலகத்திலேயே விலை கூடிய இன்டேக்கை வாங்கினாலும் அந்தத் தடுப்பிலிருந்து மீட்கக்கூடியது அவ்வளவுதான். டியூபின் உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள், தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும்.

சரி, இனி இடம்.

இடிப்பதில் இரண்டு வகை உண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் இன்ஜின் குறுக்கே படுத்திருப்பதால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அது முன்னும் பின்னும் தலையாட்டும். அதோடு போல்ட் போட்டு மாட்டிய எல்லாமும் சேர்ந்து ஆடும். பேட்டரி, ஹெட்லைட், ரேடியேட்டர், பானெட் இவையெல்லாம் பாடியோடு சேர்ந்தவை; ஆடாது. ஆகவே, இன்ஜினோடு ஆடுகிற பைப்புக்கும் இன்ஜினோடு ஆடுகிற இன்னொரு பாகத்துக்கும் நடுவில் ஐந்தாறு மி.மீ. இருந்தால் போதும், இரண்டும் சேர்ந்தே நகரும். பைப்புக்கும் பாடிக்கும் நடுவில் 2 செ.மீ. வேண்டும். மவுண்டிங் பழசாகியிருந்தால் இன்னும் கூட. வண்டி நிற்கும்போது விரல் நுழைகிற இடைவெளி, இரண்டாவது கியரில் இழுக்கும்போது இருக்காது.

எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விட வேண்டும். அப்புறம் ரிவர்ஸில் அதேபோல. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இன்ஜினின் மேல்பகுதி எவ்வளவு சாய்கிறது என்பது முதல்தடவை பார்க்கிறவருக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

பானெட்டுக்கு வேறு சோதனை. மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாதே. வெளிநாட்டுக்காரர்கள் மாடலிங் களிமண் வைப்பார்கள். எங்கள் வீட்டில் சப்பாத்தி மாவு இருந்தது. எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாகப் பிடித்து, பைப்பின் உயரமான இடங்களிலும், கிளாம்ப் ஸ்க்ரூ மேலும், ஃபில்டரின் தலையிலும் வைத்து, ஒட்டாமல் இருக்க மேலே ஒரு பாலித்தீன் துண்டைப் போர்த்திவிட்டேன். பானெட்டை மெதுவாக இறக்கி, கையால் அழுத்தி, 'டக்' என்று பூட்டு விழுந்ததும் திறந்தேன். மாவில் ஒரு பல்குச்சியைக் குத்தி, எவ்வளவு ஆழம் என்று ஸ்கேலில் அளந்தால் அதுதான் இடைவெளி. ஓரிடத்தில் 18 மி.மீ., இன்னோரிடத்தில் 14, அந்த நாணய அளவுத் தேய்மானம் இருந்த இடத்தில் மாவே இல்லை. சுற்றிலும் பிதுங்கி அப்பளமாகக் கிடந்தது. பூட்டு விழவில்லையென்றால் ஓங்கி அடிக்காதீர்கள். பானெட் தகரம் மெலிசு, வளைந்துவிட்டால் அந்தச் செலவு இன்டேக்கைத் தாண்டிவிடும்.

எனக்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம் பைப்பின் விட்டம். 1.2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது குடிக்கிற காற்று விநாடிக்கு 60 லிட்டர்தான். 60 மி.மீ. பைப்பில் அது விநாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் போகும், 76 மி.மீ. பைப்பில் 13 மீட்டர். இரண்டும் சாதாரண வேகம்தான். பைப்பைப் பெரிசாக்கி இந்த இன்ஜினுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் உயரத்தில் 16 மி.மீ. போகிறது. எனக்குக் குறைந்ததும் ஏறக்குறைய அதே 16 மி.மீ.தான். மூன்று அங்குலம் என்று சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தட்டை ஃபில்டரை மாற்றுவதில் என்ன இடிக்கப்போகிறது என்று தோன்றும். இங்கேயும் இடப் பிரச்சினை உண்டு, ஆனால் மில்லிமீட்டரில். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு கம்பெனி விளிம்பைவிடத் தடிமனாக இருந்தால் பாக்ஸ் மூடி வாய் பிளந்து நிற்கும், கிளிப்பை வம்படியாக மாட்டுவோம், ஒரு நாள் கிளிப் உடையும். மெலிசாக இருந்தால் ஓரத்தில் தூசி நுழையும். மாட்டி ஆயிரம் கி.மீ. ஓட்டிய பிறகு பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்புக் கோடு விழுந்தால் அந்த ஃபில்டர் உங்கள் பாக்ஸுக்கு உட்காரவில்லை.

கழுவிப் போடுகிற பருத்தி ஃபில்டரா, காகித ஃபில்டரா என்பது தனிச் சண்டை. கே அண்ட் என் கம்பெனி 1969-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய காலத்திலிருந்து எண்ணெய் பூசிய பருத்திக்கு ரசிகர் கூட்டம் உண்டு. காற்று சுலபமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல காகித ஃபில்டர் நுண்ணிய தூசியை அதைவிட நன்றாகப் பிடிக்கும் என்பதும் உண்மை. எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், காற்றோட்டத்தை அளக்கும் மாஃப் சென்சாரில் அது போய்ப் படியும். பல்லாவரம் பக்கம் கருங்கல் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓட்டுகிற நான் காகிதத்துக்கே திரும்பிவிட்டேன். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு.

திறந்த கூம்பு, சொன்னேனே, சத்தத்துக்காக. அதைக் கேலி செய்யவில்லை. நாலாயிரம் சுற்றுக்கு மேல் போகும்போது வருகிற அந்த உறுமல் நிஜமாகவே நன்றாக இருக்கும். வண்டி வேகமாகப் போகிற மாதிரியே தோன்றும். கடிகாரம் வைத்துப் பார்க்காதவரை சந்தோஷம்.

ஆனால் எல்லாவற்றையும் மோதவைப்பதும் இதுதான். பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் பைப் போகும். அலுமினியப் பைப், ஆடுகிற இன்ஜின், பக்கத்தில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அந்த முனையின் சிவப்பு ரப்பர் மூடி தொலைந்துபோயிருந்தால் முதலில் அதை வாங்கி மாட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பைப் அதில் உரசினால் ஷார்ட் ஆகும், பொறி பறக்கும், தீயும் பிடிக்கலாம். அந்த இடத்தில் பிளாஸ்டிக் பைப் இருந்தால் இந்தப் பயமே இல்லை. அலுமினியம் சூடாகிக் காற்றையும் சூடாக்கிவிடும் என்று சொல்லி வெள்ளித் துணி சுற்றுகிறார்களே, அது பெரும்பாலும் அழகுக்குத்தான். முழு வேகத்தில் காற்று அந்தப் பைப்பைக் கடக்க ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. காற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிளாம்ப்புகளையும் மறந்துவிடக் கூடாது. ஸ்க்ரூ வைத்த கிளாம்பை முறுக்கியதும் அதன் வால் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். என் வண்டியில் ரேடியேட்டர் மேல் ஹோஸில் பிளேடால் கீறிய மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. எலி என்று நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் இன்ஜினைக் கையால் ஆட்டிக் காட்டினார். கிளாம்ப் வால் போய் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கூலன்ட் எல்லாம் ரோட்டில் போயிருக்கும். ஸ்க்ரூவைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, வாலை வெட்டி, முனையை மழுக்கிவிடுங்கள்.

கூம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. வெளி வேண்டும், சுவரோடு ஒட்டினால் அந்தப் பக்கம் காற்றே எடுக்காது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பல்பு மாற்றக் கை நுழையுமா? திண்டிவனம் தாண்டி இரவு பதினொரு மணிக்குப் பல்பு போய், ஃபில்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நின்றவன் சொல்கிறேன்.

வெப்பத் தடுப்பு வைத்தால் கூம்புக்கு ஓரளவு நியாயம் கிடைக்கும். இன்ஜின் பக்கம் ஒரு தகடு, அதன் மேல் விளிம்பில் ரப்பர் பீடிங். இந்த ஒரே ஓர் இடத்தில்தான் பானெட் வேண்டுமென்றே தொட வேண்டும். ரப்பர் பானெட்டோடு லேசாக அமுங்கினால்தான் சூடான காற்று மேலே வழிந்து வராது. மாவுச் சோதனை இங்கேயும் உதவும்: தகட்டுக்கும் பானெட்டுக்கும் உள்ள இடைவெளியைவிட ரப்பர் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், தகடு பாடியோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். இன்ஜினோடு போட்டால் பானெட்டை உள்ளிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பைப்பை ஆதரிக்கும் பிராக்கெட்டும் அப்படித்தான். பைப்பின் ஒரு முனை, காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டிலில், அதாவது இன்ஜினில். மறுமுனையை பிராக்கெட் போட்டு வண்டியின் பாடியில் இறுக்கினால், நடுவில் வளைந்துகொடுக்க ஏதாவது வேண்டும். மேடு வைத்த சிலிகான் இணைப்பு அதற்குத்தான். அது இல்லாமல் இரண்டு பக்கமும் இறுக்கினால் நாளடைவில் பிராக்கெட் உடையும், அல்லது பைப் த்ராட்டிலிலிருந்து நழுவும். நழுவினால் ஃபில்டர் இல்லாமல் நேராகத் தூசிக் காற்றுதான்.

இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து, உள்ளே சேரும் எண்ணெய் ஆவியை வெளியே கொண்டுவருகிற சின்ன பிரீதர் ஹோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனி பைப்பில் அதற்கொரு வாய் இருக்கும். உலகப் பொருத்தம் என்று விற்கிற பைப்புகளில் அது தப்பான பக்கம் பார்த்து நிற்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஹோஸை மடக்கி நசுக்கிக் கொண்டுபோய் மாட்டாதீர்கள். அதன் முனையில் குட்டி ஃபில்டரை மாட்டித் திறந்து விட்டால் எண்ணெய் நாற்றம் ஏ.சி. வழியாக உள்ளே வரும்.

மாஃப் சென்சார் இருக்கிற வண்டி என்றால் இன்னொரு சிக்கல். அது பைப்புக்குள் ஓரிடத்தில் போகிற காற்றை வைத்து மொத்தக் காற்றையும் கணக்குப் போடுகிறது. அந்த இடத்தில் பைப்பின் விட்டம் மாறினால் கணக்கு தப்பும். பெரிய பைப்பில் காற்று மெதுவாகப் போவதால் குறைவாகக் காட்டும், பெட்ரோல் குறையும், செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0171 என்று, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்கிற பிழை எண் வரும். இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் காற்றழுத்தத்தை அளந்து கணக்குப் போடுகிற மேப் சென்சார் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து பம்பருக்குள் இறங்கும் நீளப் பைப். காற்று என்று மட்டும் பார்த்தால் நான்கில் நல்ல இடம் இதுதான். இன்ஜின் சூடு அங்கே வராது. ஆனால் மாட்டுவதற்கு பம்பரைக் கழற்ற வேண்டும், வாஷர் தண்ணீர் டப்பாவோ ஹாரனோ அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் லைனரை வெட்ட வேண்டியிருக்கலாம். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தால் மட்டும் போதாது. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலே ஏறும். முழுக்கத் திருப்பிய நிலையில், நாலு பேர் ஏறி உட்கார்ந்தும் பாருங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு தடவையும் லைனரைக் கழற்ற வேண்டும் என்பது போகப்போகத்தான் உறைக்கும்.

இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது மழை. 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் 62 செ.மீ. பாதிச் சக்கரம் மூழ்கினால் தண்ணீர் 31 செ.மீ. உயரம், ஏறக்குறைய ஓர் அடி. பம்பருக்குள் தொங்குகிற ஃபில்டரின் அடிப்பகுதி பல வண்டிகளில் அந்த உயரத்தில்தான் இருக்கும், சிலவற்றில் அதற்கும் கீழே. எதிரே ஒரு பஸ் வந்தால் அலை வேறு. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் ஓரடித் தண்ணீர் என்பது செய்தியே இல்லை.

எவ்வளவு தண்ணீர் போனால் இன்ஜின் போகும்? 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. அமுக்க விகிதம் 11-க்கு 1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் 30 மில்லி. இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீரை அமுக்க முடியாது. அதற்கு மேல் உள்ளே இருந்தால் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கம்பெனி ஏர் பாக்ஸ் உயரத்தில் இருந்த வண்டிகளே மாட்டிக்கொண்டன. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த ஊரில் ஃபில்டரை முழங்காலுக்குக் கீழே தொங்கவிடுவதா?

இதற்கு பைபாஸ் வால்வு என்று ஒன்று விற்கிறார்கள். ஃபில்டர் மூழ்கினால் மேலே இருக்கும் வால்வு திறந்து, அங்கிருந்து காற்று எடுக்கும். யோசனை சரிதான். ஆனால் அந்த வால்வே பைப்பைவிடப் பருமனானது, அதற்கும் இடம் தேட வேண்டும். வால்வும் மூழ்கினால் முடிந்தது. டர்போ வண்டிக்கு ஆகாது. மதுரைக்கும் திருச்சிக்கும் நான்குவழிச் சாலையில் மட்டும் ஓட்டி, மழை நாளில் வண்டியை எடுக்காத ஒருவர் இருந்தால் அவருக்கு வேண்டுமானால் சரி.

கடைசியாக மூடிய பெட்டி. விலைதான் பயமுறுத்தும். ஆனால் இடப் பிரச்சினையைச் செய்தவரே தீர்த்துக் கொடுத்திருப்பார்: கம்பெனி பாக்ஸ் உட்கார்ந்த அதே ரப்பர் புஷ்களில் உட்காரும், அதே முன்குழாயிலிருந்து காற்று எடுக்கும், பிரீதர் வாய் சரியான பக்கம் பார்க்கும். எங்கே ஏமாறுவோம் என்றால், மாடல் பெயரைப் பார்த்து வாங்கும்போது. ஒரே பெயரில் ஓடுகிற காரில் வருடத்துக்கு வருடம் இன்ஜின் மாறும். ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள், 2021-இல் 1.2 லிட்டர் என்ற எண் மாறாமலேயே உள்ளே வேறு இன்ஜின் வந்தது. அதைவிட முக்கியம், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இடதுபக்க ஸ்டீயரிங் வண்டிக்கு அச்செடுத்த பெட்டி, நம் வண்டியில் பிரேக் பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் நிற்கிற இடத்தில் வந்து இடிக்கலாம். வலதுபக்க ஸ்டீயரிங் வண்டியில் மாட்டிய படத்தைக் கேளுங்கள். பேட்டரி தட்டின் அளவையும் கேளுங்கள். படம் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

டர்போ வண்டிக்காரர்களுக்குக் கணக்கு மாறுவது இங்கேதான். டர்போ அதிகக் காற்றை இழுப்பதால் ஃபில்டர் பக்கத் தடுப்பு கொஞ்சம் கூடுதலாக உறைக்கும், இ.சி.யு. ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது, அதைச் செய்கிறவர்களுக்கு இந்தப் பெட்டி வீண்செலவு இல்லை. சாதாரண 1.2 வண்டிக்கு அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்கலாம் என்பது என் கட்சி.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரம் கம்பெனி சொன்ன விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். பாக்ஸுக்குள் மாற்றுகிற ஃபில்டர் யார் கண்ணுக்கும் தெரியாத சாதாரணத் தேய்மானப் பொருள். பளபளக்கும் பைப் அப்படி இல்லை. இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டி எடுத்திருந்தாலும், தண்ணீர் போய் இன்ஜின் உடைந்து நிற்கும்போது சர்வேயர் முதலில் பார்ப்பது ஏர் இன்டேக்கைத்தான். அங்கே கம்பெனி பாக்ஸ் இருப்பது நல்லது.

எதை மாட்டினாலும் முதல் வாரம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பைப்பைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றிலும், பேட்டரி விளிம்பு, ஹோஸ், வயர் கட்டு, பானெட்டின் உள்பக்கம், கொஞ்சம் முகப் பவுடரைத் தூவித் தடவிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். திறந்து பார்க்கும்போது பவுடர் அழிந்த இடம்தான் உரசுகிற இடம். சிலிகான் இணைப்பு சூட்டில் ஒருமுறை இளகி உட்கார்ந்த பிறகு கிளாம்ப்புகள் எல்லாமே அரைச் சுற்று வாங்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது இறுக்கிவிடுங்கள். கழற்றிய கம்பெனி பாக்ஸை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். என்னுடையது பரணில் ஒன்றரை வருடம் கிடந்துவிட்டு, இப்போது பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.